பால் வாடை ஆகாத சொர்ணம்

சொர்ணத்துக்குப் பால் வாடை ஆகாமல் போனது, தாரணி வயிற்றில் தங்கிய இரண்டாவது மாதத்தில். அதற்கு முன்பும் அவள் பாலும் தயிருமாக வளைய வந்தவள் இல்லை. காலையில் ஒரு டீ, மத்தியானம் தண்ணீராய்க் கரைத்த மோர், அவ்வளவுதான். ஆனால் அந்த மாதத்திலிருந்து, பக்கத்து வீட்டு அடுப்பில் பால் பொங்கினால்கூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள்.

லிங்கராஜபுரத்தில் ரெமிஜியஸ் என்பவருடைய வட்டாரத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு குழாயும் துவைக்கிற கல்லும், சுற்றிலும் ஓர் அறையும் சமையல்கட்டுமாக வரிசை வீடுகள். அதைத்தான் பெங்களூரில் வட்டாரம் என்பார்கள். தொண்ணூற்றொன்றில் கல்யாணமாகித் திருக்கோவிலூரிலிருந்து சொர்ணம் அங்கே வந்து இறங்கினாள். கணவன் இராஜமாணிக்கம் சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டினான். நகக்கண்ணில் எப்போதும் மை இருக்கும். பேச்சு கொஞ்சம்தான் இருக்கும்.

அவனுடையது வடலூர் பக்கத்துச் சன்மார்க்கக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே புலால் தொடாதவர்கள். சொர்ணமோ தென்பெண்ணை மீனில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவளாகவேதான் அதை விட்டாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. "உனக்கு வேணும்னா உங்க ஊருக்குப் போறப்ப சாப்பிட்டுக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று இராஜமாணிக்கம் சொல்லியும் பார்த்தான். அவன் அப்படிச் சொன்னதாலேயே அவளுக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. முட்டையும் போயிற்று. வீட்டில் ஒரு தையல் மெஷின் போட்டுக்கொண்டு வட்டாரத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். கை சுத்தம் என்று பெயர் வாங்கினாள். குழந்தை மட்டும் நாலு வருஷமாகத் தங்கவில்லை.

தங்கிய பிறகு வாந்தி அவளை ஒரு வழி பண்ணிவிட்டது. ரசம் சாதமும் ஊறுகாயும் தவிர எதுவும் உள்ளே நிற்கவில்லை. பால் போயிற்று, மோர் போயிற்று, டீகூட எலுமிச்சம்பழம் பிழிந்த வறட்டு டீ ஆயிற்று. வாந்தி நின்ற பிறகும் அந்த வெறுப்பு நிற்கவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கினாள். ஏழாம் மாதத்தில் நாக்கு வெந்த மாதிரி எரிந்தது. உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டாள். விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது; மெஷின் மிதிப்பதால் என்று நினைத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றாறு ஜூனில் தாரணி பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்தாள். நாலாவது மாதத்தில் கழுத்து நின்றது. வீட்டுக்காரர் ரெமிஜியஸின் மனைவி மேபல், காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போது முதலில் எட்டிப் பார்ப்பது சொர்ணத்தின் வீட்டைத்தான். "எங்கே என் ராணி?" என்று மேபல் குரல் கொடுத்தால், துணித் தொட்டிலுக்குள் கால்கள் உதைத்துக்கொள்ளும்.

ஆறாவது மாதத்துக்குப் பிறகு அந்த உதைப்பு குறைந்தது. குறைந்தது என்று யாரும் அப்போது கவனிக்கவில்லை. குழந்தை அழாமல் கிடந்தாள். சொர்ணம் ஒரு ரவிக்கையை முழுதாகத் தைத்து முடிக்கும்வரை சத்தமே வராது. "நம்ம புள்ள ரொம்ப சாந்தம்" என்று இராஜமாணிக்கம் பெருமையாகச் சொன்னான். தாய்ப்பாலைத் தவிர எதையும் குழந்தை உள்ளே விடவில்லை. ராகிக் கஞ்சியை நாக்கில் வைத்தால் அது கடைவாயோரமாக வழிந்து வெளியே வந்தது. உடம்பு புசுபுசுவென்று இருந்தது. ஆனால் நிறம் வெளுத்துக்கொண்டே போயிற்று. தலைமுடி செம்பட்டையாகி, ஊதினால் பறக்கிற மாதிரி ஆயிற்று. விரல் முட்டிகள் மட்டும் கரி தேய்த்தது போலக் கறுத்தன. சொர்ணம் பயத்தமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். கறுப்பு போகவில்லை.

ஒருநாள் காலை மேபல் வாசலில் நின்று "எங்கே என் ராணி?" என்றாள். தாரணி உத்தரத்தைப் பார்த்தபடியே கிடந்தாள். மேபல் இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டாள். பிறகு உள்ளே வந்து குழந்தையைத் தூக்கினாள். தலை பின்னால் சாய்ந்து தொங்கியது.

"சொர்ணா, கழுத்து நின்ன குழந்தைதானே இது?"

சொர்ணம் குழந்தையின் பிடரிக்குக் கீழே கை கொடுத்தாள். தினமும் குளிப்பாட்டுகிறவள் அவள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. வாய்விட்டுச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கே மெயின் ரோட்டில் இருந்த கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் குழந்தையின் கண்ணெதிரே டார்ச்சை ஆட்டிப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "மூளை வளர்ச்சி கம்மி. சில குழந்தைங்க இப்படித்தான். தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையாதீங்க, வீணா செலவு. சின்ன வயசுதானே உங்களுக்கு, இன்னொண்ணு பெத்துக்குங்க" என்றார். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார்.

அதன் பிறகு அந்த ஓர் அறை வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் புழங்கப் பழகிக்கொண்டார்கள். இராஜமாணிக்கம் ஓவர்டைம் இல்லாத நாளிலும் நேரம் கழித்து வந்தான். வந்தால் தொட்டில் பக்கம் போவதில்லை. சொர்ணத்தின் அண்ணன் ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, வட்டாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மாசமா இருக்கிறவளுக்கு ஒரு மீனு குழம்பு உண்டா, ஒரு முட்டை உண்டா? கீரையும் ரசமும் ஊத்திக் கொன்னுட்டீங்களேய்யா" என்று கத்திவிட்டுப் போனான். அந்தக் கோபத்தை இராஜமாணிக்கம் மனைவியிடம் காட்டினான்.

"எங்கம்மா நாலு பெத்தாங்க. எங்க அண்ணி மூணு பெத்தாங்க. எல்லாம் இதே சாப்பாடுதான். நீதான் அதையும் ஒழுங்கா சாப்பிடல. பால் கொண்டாந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டே."

சொர்ணமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் கண்ணும் மூக்கும் நன்றாகவே அமைந்திருக்கின்றன. உள்ளே இருக்கிற மூளையைத் தான்தான் பட்டினி போட்டுவிட்டோம் என்று எண்ணி எண்ணி, துணியில் கத்தரி வைத்த இடம் மறந்து, அளவு மாற்றி வெட்டி, இரண்டு பேருடைய ரவிக்கைகளைப் பாழாக்கினாள்.

கடைசியில் மேபல்தான் அவளை இழுத்துக்கொண்டு போனாள். ரிச்சர்ட்ஸ் டவுனில், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள ஓர் அறையில் சனிக்கிழமை தோறும் டாக்டர் டென்சில் குழந்தைகளைப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் பிரிவில் இருப்பவர். ஆங்கிலோ இந்தியர். கண்டோன்மென்ட்டிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அது அவருடைய சொந்தத் தமிழ்.

"என்ன மா, யாரு இந்த லேடி, தலையைத் தூக்கவே மாட்டேங்குறா?" என்றபடி தாரணியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். கிளினிக் டாக்டர் செய்ததையெல்லாம் அவரும் செய்தார். பிறகு குழந்தையின் கையை விரித்து முட்டிகளைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் பார்த்தார். மோவாய் லேசாக நடுங்குவதையும் பார்த்தார். குழந்தையை மேபலிடம் கொடுத்துவிட்டு, சொர்ணத்தின் பக்கம் திரும்பினார்.

"நாக்கை நீட்டு."

"குழந்தைக்குத்தான் டாக்டர்..."

"குழந்தை நாக்கு அப்புறம். உன் நாக்கு."

சொர்ணம் கூச்சத்தோடு நீட்டினாள். சொரசொரப்பே இல்லாமல், உரித்த பீட்ரூட் மாதிரி வழுவழுவென்று சிவந்திருந்தது அது.

"காரம் பட்டா எரியுதா?"

"ஆமா."

"கை, கால் மரத்துப் போகுதா? எறும்பு ஊர்ற மாதிரி?"

சொர்ணம் மேபலைப் பார்த்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "ஆமா டாக்டர். மெஷின் மிதிக்கிறதால..."

"மெஷின் என்ன பண்ணுச்சு, பாவம்! கறி சாப்பிடுவியா? எக்? பால், தயிர்?"

இல்லை, இல்லை, இல்லை என்றாள் சொர்ணம். கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்ததும் அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "என்னாலதான் டாக்டர். நான்தான் ஒழுங்கா சாப்பிடல. அதான் புள்ளைக்கு மூளை..."

"ஏய், நிறுத்து, நிறுத்து. அழறது அப்புறம். முதல்ல நான் சொல்றதக் கேளு." டென்சில் தன் நாற்காலியை அவள் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பி-ட்வெல்வ்னு ஒரு வைட்டமின். ரத்தம் ஊறணும்னா அது வேணும். நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கு மா, ஒயர் மேல பிளாஸ்டிக் இருக்கில்ல, அந்த மாதிரி. அதைக் கட்டுறதுக்கும் அது வேணும். செடியில கிடைக்காது. கறி, மீன், முட்டை, பால், அதுலதான் இருக்கு. வயித்துல இருக்கிறப்பவே குழந்தை அம்மாகிட்டேருந்து அதை வாங்கி ஈரல்ல சேத்து வச்சுக்கும். உன்கிட்டேயே இல்ல. நீயே காலி. இருந்த கொஞ்சத்தையும் இவளுக்குக் கொடுத்துட்டே. அதை வச்சு இவ ஆறு மாசம் ஓட்டிட்டா. இப்ப உன் பால்லயும் அது இல்ல. மூளைக்குப் பெட்ரோல் தீர்ந்து போச்சு, வண்டி நின்னுடுச்சு."

"நின்னது... திரும்ப ஓடுமா?"

"ரத்தம் பார்த்துட்டுச் சொல்றேன். நான் நினைக்கிறதா இருந்தா, ஓடும்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் வந்த டென்சில், மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைச் சொன்னார்: இரண்டு பேருடைய ரத்த அணுக்களும் அளவுக்கு மீறி ஊதிப் பெருத்திருக்கின்றன, அவர் நினைத்தது சரிதான்.

இராஜமாணிக்கம் அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டவன், ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அப்போ இனிமே முட்டை, கறி கொடுத்துத்தான் ஆகணுமா சார்?" அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள் அவன் முகம் எப்படியெல்லாம் போயிற்று என்று சொர்ணம் பார்த்தாள். கொடுக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால் அவன் அப்போதே போய் வாங்கி வந்திருப்பான் என்பதும் அந்த முகத்தில் தெரிந்தது.

"யாரு மேன் சொன்னது? ஊசி போடப் போறேன். அந்த மருந்தைக் கிருமி வச்சுத்தான் செய்யறாங்க, தயிர் உறையுதே, அந்த மாதிரி. ஒரு கோழியும் சாகல. வெஜிடேரியனா இருக்கிறதுல தப்பே இல்ல. பால், தயிர் தாராளமா சேத்துக்கணும். அது ஆகலேன்னா மாத்திரை போடணும். உங்கம்மா, அண்ணியெல்லாம் இதே சாப்பாடுதான்னு சொன்னியாமே, அவங்க பால், மோர் குடிச்சிருப்பாங்க, ஓடிடுச்சு. உன் வைஃபுக்கு வாந்தி வந்து அதுவும் நின்னு போச்சு. இதுல யாரைத் திட்டுவே?"

ஊசி மருந்து மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாக இருந்தது. குட்டித் தொடையில் நர்ஸ் அதைப் போட்டபோது தாரணி மெல்ல முனகினாள். சொர்ணத்துக்கும் அதே சிவப்பு மருந்து, இடுப்பில். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் குழந்தை பாலை இழுத்துக் குடிப்பதில் ஒரு பலம் தெரிந்தது போல இருந்தது. தன் ஆசைதான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்து சொர்ணம் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாலை இராஜமாணிக்கம் பிரஸ்ஸிலிருந்து நேரே வந்தான். வார்டு வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே, "சாப்பிட்டியா?" என்று சொர்ணத்தைக் கேட்டான். அந்தக் குரலுக்குத் தாரணியின் தலை திரும்பியது. மெதுவாக, துணி மூட்டை ஒன்று தானாகத் திரும்புகிற மாதிரி. கண்கள் அலைந்து, வாசலில் நின்றவனைப் பிடித்து, அங்கேயே நின்றன. இராஜமாணிக்கம் அசையவில்லை. ஒரு செருப்பு காலிலேயே இருந்தது. பிறகு அவன் வாயைத் திறந்து, யாரும் கற்றுக்கொடுக்காத ஏதோ ஒரு சத்தம் போட்டான். தாரணியின் உதட்டோரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"சொர்ணம், இங்க பாரு, சிரிக்குது! ஏய், சிரிக்குது!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அழுக்குக் கையோடு குழந்தையைத் தொடாதீர்கள் என்று நர்ஸ் கன்னடத்தில் அதட்டினாள். அவன் கேட்கிற நிலையில் இல்லை.

அந்தச் சந்தோஷம் அந்த வாரக் கடைசிவரைதான். திடீரென்று தாரணிக்கு நடுக்கம் கண்டது. முன்பு மோவாயில் மட்டும் லேசாக இருந்தது, இப்போது கை, கால், நாக்கு என்று உடம்பெல்லாம் உதறியது. விழித்திருக்கிற நேரமெல்லாம் ஆடினாள்; தூங்கினால்தான் நின்றது. பக்கத்துக் கட்டில்காரி தன் குழந்தையைத் தள்ளிப் படுக்க வைத்தாள். "மருந்து ஒத்துக்கல. வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்று இராஜமாணிக்கம் துணிமணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தான். சொர்ணம் பையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவன் சொன்னதை அவள் மறுத்தது அன்றைக்குத்தான்.

"அவ கண்ணைப் பாருங்க. ஒடம்பு ஆடினாலும் கண்ணு நம்மளத்தான் பாக்குது. போன வாரம் ஒடம்பு ஆடல, கண்ணு செத்துக் கிடந்துச்சு. நான் வர மாட்டேன்."

டென்சில் வந்ததும் குழந்தையை நன்றாகப் பார்த்துவிட்டு, சில குழந்தைகளுக்கு மருந்து கொடுத்த பிறகு இப்படி ஆவது உண்டு என்றார். "அணைஞ்சு கிடந்த மெஷினுக்கு கரண்ட் வந்தா முதல்ல உதறுமில்ல? உனக்குத் தெரியாததா மேன், பிரஸ்காரன் நீ. கொஞ்ச நாள்ல அடங்கிடும்." இராஜமாணிக்கம் பையிலிருந்த துணிகளைத் திரும்ப எடுத்து அடுக்கினான். நடுக்கம் சில வாரங்கள் இருந்தது. பிறகு வந்த மாதிரியே போயிற்று. அதற்குள் தாரணியின் கழுத்து நின்றுவிட்டது. விரல் முட்டிகளின் கறுப்பு ஒவ்வொரு நாளும் சோப்பில் கரைவது போல வெளிறியது.

சொர்ணத்துக்குள்ளும் என்னவோ மாறியது. நாக்கு எரிச்சல் அடங்கியது, கால் மரப்பு குறைந்தது, அதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, தலைக்குள் வெளிச்சம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தான் எதையும் முழுதாக நினைக்காமல், எடுத்ததை வைத்த இடம் தெரியாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டு கிடந்தோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தாயும் பிள்ளையும் ஒரே இருட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். "நீயும் பேஷன்ட்தான் மா. நோயாளி மேல யாராவது குத்தம் சொல்லுவாங்களா?" என்று டென்சில் சொன்னபோது, அதை அவள் நம்பினாள். அவள் தோளிலிருந்து பெரிய பாரம் இறங்கியது அன்றைக்குத்தான்.

ஆனால் டென்சில் பொய் சொல்லுகிறவர் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று அவளை உட்கார வைத்துப் பேசினார். "ஒண்ணு சொல்றேன், பயப்படக் கூடாது. மூளையைக் கட்டுற நேரத்துல சாமான் இல்லாம வேலை நின்னு போச்சு. இப்ப வேலை திரும்ப நடக்குது. நாம சீக்கிரம் பிடிச்சுட்டோம், அதனால நல்லாவே வரலாம். சில பிள்ளைங்களுக்கு நடக்கிறது, பேசறது, படிப்பு, எதுலயாவது கொஞ்சம் பின்தங்கல் இருக்கும். எதுலன்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. வளர வளரத்தான் தெரியும்."

அன்றிலிருந்து சொர்ணம் காத்திருக்கத் தொடங்கினாள். தாரணி உட்கார்ந்தாள், தவழ்ந்தாள், எல்லாம் தாமதமாக. வட்டாரத்தில் அவளுக்குப் பின்னால் பிறந்த குழந்தை ஒன்று அவளுக்கு முன்னால் நடந்தது. அந்தக் குழந்தையின் அம்மாவிடம் சொர்ணம் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றரை வயது தாண்டி ஒரு மத்தியானம், தாரணி துவைக்கிற கல்லைப் பிடித்து எழுந்து, கையை விட்டு, குழாய் வரைக்கும் நடந்து, சேற்றில் உட்கார்ந்தாள். ரெமிஜியஸ் தன் வீட்டு வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், எழுந்து நின்று கைதட்டினார். பேச்சு இன்னும் தாமதம். இரண்டு வயதுக்கு மேல்தான் "தா" வந்தது. வந்த பிறகு, எதைக் கண்டாலும் தா.

இன்னொரு குழந்தை என்ற பேச்சை எடுக்கவே சொர்ணத்துக்குப் பயம். இராஜமாணிக்கம்தான் ஒருநாள், "டாக்டரைக் கேட்டுட்டு வரலாமா?" என்றான். டென்சில் முதலில் அவள் ரத்தத்தைப் பரிசோதித்தார். பிறகு, "இப்ப உன் டேங்க் ஃபுல். போ, தைரியமா போ" என்றார். இந்த முறையும் வாந்தி வந்தது, பால் வாடை ஆகவில்லை. ஆனால் மாத்திரை இருந்தது. தயிரை மிக்ஸியில் அடித்து, புதினாவும் உப்பும் போட்டு, வாடை தெரியாமல் இராஜமாணிக்கமே காலையில் கொண்டுவந்து நீட்டுவான். அவள் குடித்து முடிக்கும்வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டே நிற்பான். இரண்டாயிரத்தில் ஹரிஷ் பிறந்தான். ஆறு மாதம் ஆனபோது சொர்ணம் தினமும் அவன் விரல் முட்டிகளைப் பார்த்தாள். அவன் அந்தக் கையாலேயே அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான்.

தாரணிக்கு ஏழு வயது நடக்கும்போது, ஆஸ்பத்திரியில் ஒரு முழு சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார் டென்சில். மனநல நிபுணர் ஒருவர், கன்னடக்காரப் பெண், தாரணியை அறைக்குள் அழைத்துப் போனார். சொர்ணம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கட்டைகள் உருளும் சத்தம் கேட்டது. கேள்விகள் கேட்டன. தாரணி கன்னடத்தில் பதில் சொல்வதும், நடுவில் அந்த அம்மாளிடமே "நிமகே கொத்தில்வா?" - உங்களுக்குத் தெரியாதா? - என்று திருப்பிக் கேட்பதும் கேட்டது. உள்ளே சிரித்தார்கள். வெளியே சொர்ணத்துக்கு, மகளின் மூளையை யாரோ தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிற மாதிரியும், தன் வயிற்றுக்குள் அந்தச் சில மாதங்களில் நடந்ததெல்லாம் இப்போது வெளியே வரப்போகிற மாதிரியும் இருந்தது.

கதவு திறந்தது. "வயசுக்கு ஏத்த மாதிரியே இருக்கா" என்றார் அந்த அம்மாள், உடைந்த தமிழில். "சொல்லறது, புரிஞ்சிக்கிறது எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. நம்பர் சொல்லி அதைத் திருப்பிச் சொல்லுன்னா மட்டும் கொஞ்சம் தடுமாறறா. வீட்டில விளையாட்டு மாதிரி பழக்குங்க, ஆயிடும்."

அந்தத் தடுமாற்றம் பழைய பசியின் மிச்சமா, இல்லை தாரணியின் சுபாவமா என்று சொர்ணம் டென்சிலைக் கேட்டாள். அது யாருக்கும் தெரியாது என்றார் அவர். "எனக்கும் கணக்கு வராது மா. எங்கம்மா தினம் பீஃப் சாப்பிட்டாங்க." சொர்ணம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்து, பிறகு சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது கால்கள் லேசாக இருந்தன. வழியில் தாரணி கேட்ட பஞ்சுமிட்டாயை வாங்கிக் கொடுத்தாள். தானும் ஒன்று வாங்கித் தின்றாள்.

அப்படியும் பயம் ஒரேயடியாக விட்டுப் போய்விடவில்லை. தாரணி ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, பெற்றோர் வந்து பார்க்கவும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். சொர்ணத்துக்கு அன்றைக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம், "மந்தமாக இருக்கிறாள்" என்கிற வார்த்தையை டீச்சர் எப்படியெல்லாம் சொல்லுவார் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். டீச்சர் தலைவலித் தைலம் தடவிய நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாரணி, சீருடையில், கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, உங்க பொண்ணு வீட்டுலயும் இப்படித்தானா?"

"எப்படி டீச்சர்?"

"வாய மூடவே மாட்டேங்குறா! பக்கத்துல யாரை உட்கார வச்சாலும் பேச்சு. தனியா உட்கார வச்சேன், சுவத்தோட பேசறா. நான் ஒரு தப்பு பண்ணினா கிளாஸ்ல எழுந்து நின்னு திருத்தறா. என் ஜீவனே போகுது."

"படிப்பு... படிப்பு எப்படி டீச்சர்?"

"படிப்புக்கென்ன, கணக்குதான் கொஞ்சம் இழுக்குது, மத்ததெல்லாம் படிக்கிறா. நான் அதைப் பத்திப் பேச வரச் சொல்லல. இந்த வாய்க்கு ஒரு பூட்டு போடுங்க."

மன்னித்துவிடுங்கள், கண்டிக்கிறேன் என்று சொர்ணம் பல தடவை சொன்னாள். முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ள மிகவும் சிரமப்பட்டாள். வெளியே வந்ததும் தாரணி ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் சொன்னது முழுக்க உண்மை இல்லை, சுவரோடு பேசவில்லை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த சங்கீதாவோடுதான் பேசினாள், அதுவும் சங்கீதாதான் முதலில் கேட்டாள், அம்மா வேண்டுமானால் சங்கீதாவையே கேட்டுப் பார்க்கலாம்.

பஸ் ஸ்டாப்பில் சொர்ணத்தின் போன் அடித்தது. இராஜமாணிக்கம். பின்னணியில் மெஷின் ஓடுகிற சத்தம்.

"என்ன சொன்னாங்க?"

"வாய் அடங்க மாட்டேங்குதாம். டீச்சர் தலையில தைலம் தேச்சிக்கினு உக்காந்திருக்காங்க."

"அதுக்கா வரச் சொன்னாங்க?"

"அதுக்குத்தான்."

மெஷின் சத்தத்துக்கு மேல் இராஜமாணிக்கம் சிரிக்க ஆரம்பித்தான். அவ்வளவு சத்தமாக அவன் சிரித்துச் சொர்ணம் கேட்டதில்லை. அவளுக்கும் அடக்க முடியவில்லை. ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பாவா? குடும்மா, நான் சொல்றேன்" என்று தாரணி போனைப் பிடுங்கிக்கொண்டு, சங்கீதா முதலில் கேட்டதிலிருந்து தொடங்கினாள். லிங்கராஜபுரம் பஸ் வந்து நின்றது. சொர்ணம் அதில் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம், மகள் பேசி முடிக்கட்டும் என்று நின்றாள்.